முந்தி வைத்த பெயர்

மார்ச் 2, திங்கள்

பென்ஷன் விண்ணப்பத்தின் ஆறாவது படிவத்தையும் இன்று எழுதி முடித்தேன். மே 31 ஞாயிற்றுக்கிழமை என்பதால் இருபத்தொன்பதாம் தேதியே மாலை போட்டு அனுப்பிவிடுவார்களாம். இந்தக் கல்லூரியின் விலங்கியல் துறையில் முப்பத்தோரு வருஷம் ஆகிறது. ஆனால் நாட்குறிப்பு தொடங்கியதற்குக் காரணம் அதுவல்ல. காரணம் பூட்டு.

துறையின் மாதிரி அலமாரிக்கு இதுவரை யாரும் பூட்டுப் போட்டதில்லை. செத்த நத்தையையும் மரவட்டையையும் யார் திருடப் போகிறார்கள்? இன்று போய்ப் பார்த்தால் புதுப் பித்தளைப் பூட்டு தொங்குகிறது. அட்டெண்டர் இசக்கியம்மாளைக் கேட்டேன்.

"சேர்மராஜ் சார்தான் போடச் சொன்னாவ மேடம்."

"எதுக்கு?"

"எலி வருதாம்."

ஸ்பிரிட்டில் ஊறின நத்தையைத் தின்ன எந்த ஊர் எலி வரும்? முப்பத்தோரு வருஷமாக வராத எலி, நான் ஓய்வுபெறப் போகிற வருஷம் பார்த்து வந்திருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

பின்னால் எனக்கே மறந்துவிடக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதி வைக்கிறேன்.

சேர்மராஜ் துறையில் எனக்கு அடுத்த இடத்தில் இருப்பவர். நாற்பத்தாறு வயது, ஏரல்காரர். பன்னிரண்டு வருஷமாக மலைக்குப் போனால் நாங்கள் இருவரும்தான். போன நவம்பர் மழையில் களக்காட்டு மலைக்குப் போயிருந்தோம். காலில் ஏறிய அட்டையைப் பிய்ப்பதற்காக ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்தேன். ஒரு சாண் தள்ளி அந்த நத்தை இருந்தது. அரை அரிசி நீளம் இருக்கும். பட்டப்பகலில், மொட்டைப் பாறையின் உச்சியில், பயமோ வெட்கமோ இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தது. ஒன்றல்ல, ஒன்பது. ஓடு இடப்பக்கமாகச் சுருண்டிருந்தது. ஊர் வலம்புரி என்று கும்பிடும் சங்கும் நாங்கள் இடம்புரி என்று எழுதுவதும் ஒரே சுருள்தான். பார்க்கிற விதம்தான் வேறு. டிப்லோமாட்டினா என்கிற பேரினம் என்று லென்ஸில் பார்த்ததுமே தெரிந்தது. உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்று உறுதியாகத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று.

ஏழு ஓடுகள் அலமாரிக்குள் இருக்கின்றன. இரண்டு என் வீட்டில், பழைய பிலிம் டப்பாவில் இருக்கின்றன. இருவரும் சேர்ந்து எழுதுவது, என் பெயர் முதலில் வருவது, நத்தைக்குக் களக்காட்டின் பெயரையே வைப்பது என்று ஜீப்பிலேயே பேசி முடித்தோம். பிறகு பென்ஷன் படிவம், தேர்வு வேலை என்று நான்தான் இழுத்துக்கொண்டே போனேன்.

எங்கள் தொழிலில் கண்டுபிடித்தவருக்கு ஒன்றும் கிடையாது. முதலில் அச்சேற்றியவருக்குத்தான் எல்லாம். அவர் வைத்த பெயர்தான் நிற்கும். அந்தப் பெயரின் பின்னாலேயே அவருடைய பெயரும் ஒட்டிக்கொண்டு நிற்கும், நூறு வருஷம் கழித்து யார் எழுதினாலும் அப்படித்தான் எழுத வேண்டும். ஒருநாள் பிந்தி வந்தவர் வைத்த பெயர் செல்லாப் பெயர். பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் கிடக்கும்.

அதனால்தான் அந்தப் பூட்டு எனக்கு இத்தனை பெரிதாகப் படுகிறது.

மார்ச் 6, வெள்ளி

மூன்றாம் ஆண்டு வகுப்பில் பெயரிடும் விதிகள் நடத்தினேன். ஒரு பெண் எழுந்து, "மேம், நீங்களே கண்டுபிடிச்சா உங்க பேரையே வச்சிக்கிடலாம்லா?" என்றாள். வகுப்பே சிரித்தது.

வைக்கலாம், விதி தடுக்கவில்லை, ஆனால் அப்படிச் செய்தவனை அந்தத் துறையே காலம் பூராவும் கேலி பேசும் என்றேன். தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிக்கொள்வது போல. ஊர், நிறம், உருவம், நமக்கு உதவினவர்கள், யார் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாம். கட்டுரை எழுதுகிறவர்களில் ஒருவரது பெயரை மட்டும் வைக்கக் கூடாது.

சேர்மராஜ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பியதும் நகர்ந்துவிட்டார். என் வகுப்பை ஒட்டுக் கேட்க என்ன இருக்கிறது?

மார்ச் 11, புதன்

இன்று சேர்மராஜிடம் அலமாரிச் சாவி கேட்டேன். "எதை எடுக்கணும், சொல்லுங்க மேடம், நா எடுத்துத் தாரேன்" என்றார். கொடுத்தாரே தவிர பக்கத்திலேயே நின்றார். எண்ணினேன். ஏழு இருந்த இடத்தில் நாலுதான் இருந்தது.

"மூணைக் காணுமே, சேர்மராஜ்?"

"போட்டோ எடுக்கதுக்கு வச்சிருக்கேன் மேடம். அதுவா, பத்திரமாத்தான் இருக்கு. நீங்க பென்ஷன் வேலையப் பாருங்க, இத நா பாத்துக்கிடுதேன்."

நான் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 12, வியாழன்

சூடு கண்ட பூனை நான். எனக்கு இருபத்தைந்து வயதில், ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, குற்றாலத்துப் பக்கம் ஒரு புது நத்தையைக் கண்டுபிடித்தேன். ஒன்றரை வருஷம் அளந்து, வரைந்து, எழுதி, என் வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டுப் பிரசவத்துக்குப் போனேன். பிள்ளையோடு திரும்பி வந்தபோது கட்டுரை அச்சாகியிருந்தது. ஆசிரியர் பெயர் அவருடையது மட்டும். நத்தைக்குத் தன் மனைவியின் பெயரை வைத்திருந்தார். அந்த அம்மாள் வாழ்நாளில் குற்றாலத்தில் அருவியைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

"சின்னப் பிள்ளதான, ஒனக்கு இன்னும் எத்தனையோ வரும்" என்றார். வந்தது. பதினொரு இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பன்னிரண்டாவதை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை. இன்றைக்கும் அந்த நத்தையின் பெயரை எழுத நேர்ந்தால் கை ஒரு நொடி நின்றுதான் எழுதுகிறது.

மார்ச் 19, வியாழன்

துறைக் கம்ப்யூட்டரில் நத்தைப் படங்கள் இருந்த கோப்புக்குச் சேர்மராஜ் கடவுச்சொல் போட்டிருக்கிறார். என் பிறந்த நாள், அவர் பிறந்த நாள், கல்லூரி தொடங்கிய வருஷம், எதற்கும் திறக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இவரும் சேர்ந்துவிட்டாரோ?

என் வீட்டுக்காரர் தேவபிச்சை தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாத மனிதர். இன்று நான் குளித்துவிட்டு வரும்போது கொல்லைப்புறத்தில் நின்று போனில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார். "ஆமா சார்... அவளுக்குத் தெரியாது... பெட்டியில தேடிப் பாக்கேன்... கொரியர்லயா? சரி சரி."

என்னைப் பார்த்ததும் போனை மடித்துப் பனியனுக்குள் போட்டுக்கொண்டார்.

"யாரு?"

"கேஸ்காரன்."

கேஸ்காரனை 'சார்' என்று கூப்பிடுகிற ஆளா இவர்? பெட்டியில்தான் என் களக் குறிப்பேடுகள் எல்லாம் இருக்கின்றன. ஓடிப்போய் எண்ணினேன். இருபத்திமூன்றும் இருந்தன. ஆல்பம் மட்டும் கலைந்திருந்தது. பாபநாசம் முகாமில் தொப்பியும் வலையுமாக நான் நிற்கிற படத்தைக் காணவில்லை. வயதான காலத்தில் இவருக்கு என் இளமைப் படம் எதற்கென்று தெரியவில்லை. அதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. பாதிரி ஐயர் யூதாசைப் பற்றிப் பேசும்போது என்னால் சிலுவையைப் பார்க்க முடியவில்லை. யூதாசும் கூடவே நடந்தவன்தான், கூடவே சாப்பிட்டவன்தான். நானும் சேர்மராஜும் ஒரே தூக்குச்சட்டியில் இருந்து எத்தனை தடவை புளிச்சோறு பங்கிட்டிருக்கிறோம்.

வீட்டுக்கு வரும் வழியில் இவரிடம் ஜாடையாகச் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்பாவ. ஒனக்கு வெளிச்சத்துலயே பேய் தெரியுது, புஷ்பம்" என்றார். அந்தப் பக்கத்து ஆள் வேறு எப்படிப் பேசுவார்?

ஏப்ரல் 9, வியாழன்

பிடித்துவிட்டேன்.

துறை அலுவலகத்துப் பிரிண்டர் நடுவில் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. இசக்கியம்மாள் இழுத்துப் பார்த்துவிட்டு ஆளைத் தேடிப் போனாள். நான் இழுத்தேன், வந்தது. நாலாம் பக்கம். பக்கத்தின் தலையில் ஆசிரியர்கள் பெயர்: சேர்மராஜ், குல்கர்னி. குல்கர்னி என்பவர் புனேயில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படமெடுக்கிறவர். மூன்று ஓடுகள் எங்கே போயின என்பது இப்போது தெரிந்தது.

இரண்டே பெயர்கள்தான். மூன்றாவது இல்லை.

கீழே என் நத்தை. உயரம் 2.4 மில்லிமீட்டர். ஓட்டின் மேல் குறுக்கே ஓடும் மெல்லிய வரிகள், மில்லிமீட்டருக்குப் பதினொன்று. எண்ணியது என் கண்கள். டிசம்பர் முழுக்க அதை எண்ணித்தான் கண்ணாடியின் பவரே கூடிற்று. நத்தையின் பெயர் வர வேண்டிய இடமெல்லாம் 'புதிய இனம்' என்று மட்டும் போட்டிருந்தது. பெயரைக்கூட வெளியே தெரியாமல் வைத்திருக்கிறார்.

இசக்கியம்மாள் ஓடிவந்து காகிதத்தைப் பறிக்காத குறையாக வாங்கினாள்.

"இதப் பாத்தீயளா மேடம்?"

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல. நா ஒண்ணுஞ் சொல்லமாட்டேன். சார் ஏசுவாவ."

ஒன்றுமில்லாததற்கு எதற்கு ஏச்சு? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்.

ஏப்ரல் 10, வெள்ளி

சேர்மராஜிடம் நேராகக் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். கேட்டால் என்ன நடக்கும்? இருபத்தைந்து வயதிலும் நான் கேட்டேன். கேட்டவளுக்குக் கிடைத்தது 'எத்தனையோ வரும்' என்கிற ஆசீர்வாதம்தான். இந்த முறை கேட்கப் போவதில்லை. முந்தப் போகிறேன்.

என்னிடம் பிலிம் டப்பாவில் இரண்டு ஓடுகள் இருக்கின்றன. ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கச் சாட்சியாக ஒரே ஒரு ஓடு போதும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை விஷு. பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்தது. படம் வரைந்தேன். ஓட்டின் வாய் நன்றாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

கட்டுரை முடிந்தது. ஆசிரியர்: தங்கபுஷ்பம். ஒரே பெயர், பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஊர்ப் பெயர் வைப்பதாகப் பேசியிருந்தோம், ஆனால் அந்தப் பேச்சை முறித்தது நானில்லை. பெயர்: டிப்லோமாட்டினா ஃபுர்ட்டிவா. லத்தீனில் ஃபுர்ட்டிவா என்றால் களவாக, ஒளிந்து செய்வது. 'பாறை இடுக்குகளில் ஒளிந்து வாழும் இயல்பினால் இப்பெயர்' என்று காரணம் எழுதினேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அவருக்கு லத்தீன் தெரியும்.

ஏப்ரல் 20, திங்கள்

சீக்கிரம் வெளியிடுகிற ஓர் இணைய இதழுக்கு அனுப்பினேன். சாட்சி ஓட்டைப் பஞ்சில் சுற்றி, பதிவுத் தபாலில் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியாயிற்று. தபாலாபீசில் இவருக்குத் தெரிந்த பையன்தான் முத்திரை குத்தினான். "சாருக்குச் சொல்லவா?" என்றான். வேண்டாம் என்றேன்.

மே 4, திங்கள்

இரண்டு திருத்தங்கள் கேட்டார்கள். ஒரு மணி நேரத்தில் முடித்து அனுப்பினேன். சேர்மராஜ் விடைத்தாள் திருத்த நாகர்கோவிலுக்குப் போகிறார், அக்காள் வீட்டில் தங்கல், இரண்டு வாரம். போகும்போது என் மேசை அருகில் வந்து நின்றார்.

"பிரிவு உபசாரத்துக்கு முன்னாடி வந்துருவேன் மேடம். ஒரு சின்ன சங்கதி இருக்கு. அப்ப சொல்லுதேன்."

எனக்கும் ஒரு சின்ன சங்கதி இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மே 12, செவ்வாய்

வந்துவிட்டது! காலை பத்தே காலுக்கு. டிப்லோமாட்டினா ஃபுர்ட்டிவா தங்கபுஷ்பம். ஆறு முறை படித்தேன். மீன்குழம்பு வைத்தேன். இவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு, "என்ன விசேஷம்?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். இந்த வீட்டில் ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு அவருக்கு மட்டும்தான் உரிமையா?

மே 13, புதன்

நாகர்கோவிலில் இருந்து சத்தமே இல்லை. திருத்துகிற கூடத்துக்குள் போனை விடமாட்டார்களாம். பார்க்கும்போது பார்க்கட்டும்.

மே 15, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மதியம் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். இசக்கியம்மாள் தினத்தாளில் சுற்றிய எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள்.

"மேடம், சார் இருவத்தொம்பதாந்தேதி மேடையில வச்சித்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாவ. இன்னைக்கு வந்துரும், வந்த ஒடனே பிரிண்ட் எடுத்து சட்டம் போட்டு வையிங்கன்னாவ. போட்டுட்டேன். ஆனா என்னால வயித்துக்குள்ள வச்சிருக்க முடியல மேடம். ரெண்டு மாசமா மென்னு முழுங்குதேன். நீங்க பாத்துட்டுப் பாக்காதது மாரி இருந்துக்கிடுங்க."

பிரித்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கட்டுரையின் முதல் பக்கம். ஓரத்தில் தொப்பியும் வலையுமாக, பாபநாசத்தில் நான். இன்றைய தேதி. ஆசிரியர்கள் சேர்மராஜ், குல்கர்னி. தலைப்பில் நத்தையின் பெயர்: டிப்லோமாட்டினா தங்கபுஷ்பமே. பெண்ணின் பெயரை வைத்தால் லத்தீனில் ஈறு அப்படித்தான் முடியும், எனக்குத் தெரியும். இருந்தாலும் வாய்விட்டுப் படித்தபோது யாரோ என்னைக் கூப்பிட்டது போலிருந்தது.

இசக்கியம்மாள் மற்றப் பக்கங்களையும் கொண்டுவந்திருந்தாள். பெயர்க் காரணம் என்ற இடத்தைத் தேடினேன். 'இந்த நத்தையை முதலில் கண்டவர் பேராசிரியர் தங்கபுஷ்பம். இக்கட்டுரையில் உள்ள அளவுகளும் அவருடையவை. தென்மலைகளின் நத்தைகளுக்கு முப்பத்தோரு ஆண்டுகள் பெயர் வைத்தவருக்கு இதுவரை எந்த நத்தையும் பெயரைத் திருப்பித் தரவில்லை. ஆசிரியர் வரிசையில் அவர் இல்லாததற்கு ஒரே காரணம், பெயரில் அவர் இருப்பதுதான்.'

"நல்லாருக்கா மேடம்?" என்றாள் இசக்கியம்மாள்.

நான் அழுதேன். அவள் அதை வேறு அழுகை என்று நினைத்து, தானும் அழுதாள்.

பன்னிரண்டாம் தேதி. பதினைந்தாம் தேதி. மூன்று நாள் முந்திவிட்டேன். என் பெயரை நானே செல்லாப் பெயராக்கிவிட்டேன்.

மே 16, சனி

இவரிடம் சொன்னேன். ஆல்பத்தை எடுத்து அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். பிறகு, "நா அந்தப் போட்டோவ எடுக்கும்போதே ஒங்கிட்ட மாட்டியிருக்கலாம்" என்றார். 

காலையிலிருந்து என் கட்டுரையைப் படிக்கிறேன். அடுத்தவன் கட்டுரையில் குறை தேடுவது போல வரி வரியாகத் தேடுகிறேன். புதுப் பெயரைப் பதிவு செய்த எண்ணைப் போட மறந்திருந்தால், சாட்சி ஓடு எங்கே இருக்கிறது என்று எழுத மறந்திருந்தால், என் கட்டுரை செல்லாது, அவருடையது நிற்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக என் எழுத்தில் ஒரு பிழை இருக்க வேண்டுமே என்று ஜெபம் செய்தேன்.

ஒன்றுகூட இல்லை.

மே 18, திங்கள்

சேர்மராஜ் வந்தார். பார்த்துவிட்டார் என்பது வாசலில் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. எதிரே உட்கார்ந்தார். என் கட்டுரையை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா மேடம்."

"நீங்க எங்கிட்டக் கேட்டீங்களா? என் பேர எடுக்கதுக்கு முன்னால கேட்டீங்களா?" குரல் உயர்ந்துவிட்டது. நியாயம் கொஞ்சம் என் பக்கமும் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டா சம்மதிச்சிருப்பீயளா?"

"மாட்டேன்."

"அதுக்குத்தான் கேக்கல. நீங்க ஆசிரியரா இருந்தா ஒங்க பேர வைக்க முடியாது. பேர வைக்கணும்னா ஒங்கள எடுக்கணும். ரெண்டுல எது பெருசுன்னு நா மூணு மாசம் யோசிச்சேன் மேடம். தப்பா யோசிச்சிட்டேன் போல."

நான் தரையைப் பார்த்தேன். அவர் காகிதத்தைப் புரட்டினார்.

"ஃபுர்ட்டிவா. பாறை இடுக்குல ஒளிஞ்சி வாழும்னு போட்டிருக்கீய." காகிதத்தை மடித்தார். "அது ஒளிஞ்சி வாழலையே மேடம். நானுந்தான அங்க நின்னேன். பட்டப்பகல்ல பாறை உச்சியில இருந்துச்சு."

 கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து, மேசை மேல் அலமாரிச் சாவியை வைத்துவிட்டுப் போனார். சாவியில் ஒரு அட்டைத்துண்டு கட்டியிருந்தது. அதில் அவர் கையெழுத்தில் கோப்பின் கடவுச்சொல் இருந்தது: களக்காட்டுக்கு நாங்கள் போன தேதி.

மே 20, புதன்

காலையில் சேர்மராஜ் போன் செய்தார். குரலில் ஒரு தயக்கம்.

"மேடம், ஒரு வழி இருக்கு. ஒங்க ஓடு வேற, எங்க ஓடு வேறன்னு ஒரு குறிப்பு எழுதிரலாம். வரி ரெண்டு கூட இருக்குன்னு போட்டாப் போதும். ரெண்டு இனம்னா ரெண்டு பேரும் நிக்கும். நா மறுத்து எழுதமாட்டேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உண்மைதான், இரண்டுகூட வேண்டாம், ஒரு வரி அதிகமிருந்தாலே போதும். இந்த நத்தையை எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாட்டில் இரண்டு பேர். ஒருவர் சம்மதித்துவிட்டார். மற்றவள் நான்.

மே 21, வியாழன்

பிலிம் டப்பாவில் மிஞ்சிய ஓட்டைக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். அலமாரியைத் திறந்து அந்த நாலையும் எடுத்தேன். லென்ஸுக்குக் கீழே ஐந்தையும் வரிசையாக வைத்தேன். எண்ணினேன். பதினொன்று, பதினொன்று, பதினொன்று, பதினொன்று. என்னுடையதில் பன்னிரண்டு வந்தது.

 திரும்ப எண்ணினேன். பன்னிரண்டு. எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை எண்ணுகிறபோது ஊசியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். பன்னிரண்டாவது வரி அல்ல, ஓட்டில் விழுந்த கீறல். பஞ்சில் இருந்து எடுக்கும்போது நானே போட்ட கீறலாகக்கூட இருக்கலாம்.

மூன்று மாதமாக எல்லோரையும் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டிய கண்கள் என் மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்தன.

மே 22, வெள்ளி

சேர்மராஜிடம் சொன்னேன். "வேண்டாம். ஒரே இனம்தான்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு குறிப்பு யாரு எழுத, மேடம்? நா எழுதமாட்டேன். என் கையால ஒங்க பேரச் செல்லாதுன்னு எழுத முடியாது."

"நான் எழுதுறேன்."

"இன்னொண்ணு, ஒங்க ஃபுர்ட்டிவாவ மாத்த முடியுமான்னு—"

"முடியாது. விதி உங்களுக்கும் தெரியும். வச்ச பேரு வச்சதுதான்."

அவர் போகாமல் நின்றார். "சேர்மராஜ், உங்களத் திருடன்னு நெனச்சேன்" என்றேன். 

"தெரியும் மேடம். பேருலயே இருக்குல்லா" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை. பிறகு, "டீ சொல்லவா?" என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன்.

மே 29, வெள்ளி

மாலை, சால்வை, முதல்வரின் உரை எல்லாம் ஆயிற்று. சட்டம் போட்ட படத்தை மேடையில் கொடுக்க வேண்டாம் என்று இசக்கியம்மாளிடம் முன்பே சொல்லிவிட்டேன். அவளுக்குக் காரணம் புரியவில்லை. "பேரு வச்சது வச்சதுதான மேடம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை என்று விளக்க எனக்கு மனம் வரவில்லை. படத்தை அவளே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சுவரில் மாட்டுவாளாம். மாட்டட்டும். இந்த உலகத்தில் ஒரு சுவரிலாவது அந்தப் பெயர் செல்லும்.

காலையிலேயே குறிப்பை அனுப்பிவிட்டேன். அரைப் பக்கம்தான். துறையில் நான் எழுதுகிற கடைசிக் கட்டுரை. அதன் முக்கியமான இரண்டு வரிகள்:

செல்லும் பெயர்: டிப்லோமாட்டினா ஃபுர்ட்டிவா தங்கபுஷ்பம்.
செல்லாப் பெயர்: டிப்லோமாட்டினா தங்கபுஷ்பமே சேர்மராஜ், குல்கர்னி.

கூடவே ஒரு திருத்தமும் எழுதினேன். 'இந்த நத்தை ஒளிந்து வாழ்வதில்லை. பட்டப்பகலில் திறந்த பாறையில் காணப்படுகிறது. முதல் விவரிப்பில் சொன்னது தவறு.' பெயரைத்தான் மாற்ற முடியாது, காரணத்தையாவது திருத்தலாம் அல்லவா.

அப்போதுதான் மேல் வரியைத் திரும்பப் படித்தேன். யாரை நினைத்து வைத்த பெயரோ, அது ஒட்டிக்கொண்டிருப்பது அவர் மேல் அல்ல. இனத்தின் பெயர் முதலில், வைத்தவர் பெயர் பின்னால், முப்பத்தோரு வருஷம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த வரிசை. ஃபுர்ட்டிவா தங்கபுஷ்பம். களவாகச் செய்தவள், அடுத்து அவள் பெயர். நத்தை ஒளியவில்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. இனி அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்று யாருக்கும் சந்தேகம் வராது.